பில்லில் மட்டும் மாறிய டைமிங் செயின்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. பாறசாலையிலிருந்து பனச்சமூடு போகிற வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்குகிற ஒரு குறுக்கு ரோட்டில். ஒரு வருஷம் ஆகியும் இதைப் பேச ஆரம்பித்தால் என் குரல் உயர்ந்துவிடும். பிள்ளைகள் "அம்மா செயின் கதை தொடங்கியாச்சு" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நர்ஸ். படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஒரு சின்ன அமைப்பில் வேலை. புண்ணுக்கு மருந்து கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, மருந்து வாங்கி வர ஆள் இல்லாத வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது. வீட்டுக்காரர் மஸ்கட்டில். அவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்தான் என் வாகனம். எங்கள் ஊர் ஏற்றங்களுக்கு அதுதான் சரி. பெண் கியர் வண்டி ஓட்டுகிறாள் என்று ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்தவர்கள் பிறகு பழகிவிட்டார்கள்.

சித்திரை வாக்கில் வண்டியில் ஒரு சத்தம் வந்தது. காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது மட்டும், எஞ்சினின் இடது பக்கத்தில், தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. ஒரு நிமிஷம் ஓடிச் சூடானதும் நின்றுவிடும்.

நெய்யாற்றின்கரை ரோட்டில் நாங்கள் எப்போதும் வண்டி விடுகிற ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே போய்ச் சேருவதற்குள் எஞ்சின் சூடாகி, சத்தம் போயிருந்தது. முதலாளி ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தார்.

"ஒரு சத்தமும் இல்லியே சேச்சி."

"காலையில எடுக்கும்போதுதான் வரும் அண்ணா."

"அப்பம் காலம்பற நான் உங்க வீட்டுக்கு வரணுமாக்கும்?"

அங்கே உட்கார்ந்திருந்த நாலு ஆண்கள் சிரித்தார்கள். நானும் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அடுத்த தடவை, காலைச் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்துகொண்டு போனேன். "ஃபோன்ல எல்லாம் இப்படித்தான் கேக்கும். வண்டிக்கு ஒண்ணும் இல்ல, சேச்சிக்க காதுக்குத்தான் சர்வீஸ் வேணும்" என்றார். மறுபடியும் சிரிப்பு. கொழுந்தனாரிடம் சொன்னால், "கியர் வண்டின்னா கொஞ்சம் சத்தம் இருக்கும் அண்ணி" என்றார். நோயாளியின் மூச்சுச் சத்தத்தை வைத்து நெஞ்சில் சளி கட்டியிருப்பதைக் கண்டுபிடிக்கிற காது இது. ஒரு எஞ்சின் சத்தத்துக்கு மட்டும் அது ஆகாத காதாகிவிட்டது.

நானே ஃபோனில் தேடிப் பார்த்துப் படித்தேன். எஞ்சினுக்குள்ளே ஒரு சின்ன செயின் உண்டு. பின்சக்கரத்துச் செயின் மாதிரி வெளியே தெரியாது. கீழே சுற்றுகிற தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டையும் ஒன்றுபோல் ஓட வைப்பது அதுதான். வருஷக்கணக்கில் ஓடித் தேய்ந்தால் அது நீளும். தளராமல் இழுத்துப் பிடிக்க டென்ஷனர் என்று ஒரு பாகம் இருக்கிறது. அதற்கும் எட்டாமல் செயின் நீண்டுவிட்டால், உள்ளே அடித்துக்கொண்டு சத்தம் போடும். பல் சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் எல்லாம் முறை தப்பும். வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கேட்கிற சத்தம்தான் முதல் எச்சரிக்கை என்று அதில் எழுதியிருந்தது.

நேராகப் போய், "டைமிங் செயினை மாத்திக் கொடுங்க" என்றேன்.

"சேச்சி மெக்கானிக் ஆயாச்சா?" என்றார். ஆனாலும் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. 'டைமிங் செயின் மாற்றியது' என்று பில்லில் எழுதியிருந்தது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. பாவம், நல்ல மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது வாரம் சத்தம் திரும்பி வந்தது. கேட்டதற்கு, "புது செயின் அல்லவா, செட்டாக கொஞ்ச நாளாவும். ஓட்டுங்க" என்றார். நான் ஓட்டினேன்.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவில் வீடு. நாற்பத்திநாலு வயசு, என்னைவிட மூன்று வயசுதான் மூப்பு. ரப்பர் வெட்டும் வேலைக்குப் போய் மகளைத் தனியாக வளர்த்தவர். புற்றுநோய் முதுகெலும்பில் இறங்கி, ஆறு மாதமாகப் படுக்கை. மகள் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பக்கத்து வீட்டுக்காரி இடையிடையே எட்டிப் பார்ப்பார். நாலு மணி நேரத்துக்கு ஒரு வலி மாத்திரை. அது இருக்கும்வரை அக்கா பேசுவார், சீரியலைத் திட்டுவார், எனக்குப் பால் விடாத கட்டன் சாயா போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியை விரட்டுவார். நேரம் தப்பினால் அவ்வளவுதான்.

அந்த மாதம் மாத்திரை எங்களுக்கு வந்து சேர்வது ஒரு நாள் தாமதமாகிவிட்டது. கையிருப்பில் கடைசி மாத்திரையை அக்கா காலை ஆறு மணிக்குப் போட்டிருந்தார். அடுத்தது பத்து மணிக்கு. ஒன்பதரைக்குள் கொண்டுவந்து விடுவதாக ஃபோனில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மழையும் காற்றும். எங்கள் ஜீப் டாக்டரோடு பூவார் பக்கம் போயிருந்தது.

குறுக்கு ரோட்டில் ஒரு ஏற்றம். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்குள் சத்தம் திடீரென்று பெரிதானது. பிறகு 'படக்' என்று ஒரு ஓசை, அவ்வளவுதான், எஞ்சின் செத்துப் போனது. பின்சக்கரம் ஒரு கணம் இறுகி வழுக்க, இடது பக்கமாக விழுந்தேன். பின்னால் பாறைக்கல் ஏற்றிய டிப்பர். அதன் பிரேக் சத்தத்தை நான் ரோட்டில் கிடந்தபடி கேட்டேன். என் காலுக்கும் அதன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எனக்குக் கைகொடுத்து எழுப்பி உட்கார வைத்தார். வண்டியை நிமிர்த்தி ஓரத்தில் விட்டு, கிக்கரை மிதித்துப் பார்த்தார். ஒரு பிடிப்பும் இல்லாமல் கால் சும்மா கீழே இறங்கியது. "கம்ப்ரஷனே இல்ல. உள்ள என்னமோ போச்சு" என்றார். மெயின் ரோட்டை எட்டியதும் அவர் போக வேண்டியது எதிர்த்திசை. மெயின் ரோடு திருப்பம் வரை என்னைக் கொண்டுவிட்டுப் போனார்.

முட்டியிலிருந்து ரத்தம் வழிந்தது. நானே துணி வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றது. காற்றில் ஒரு ரப்பர் மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வெட்டி எடுக்க ஆள் வர வேண்டும். அந்த மரத்தின் நுனிப் பக்கமாக ஸ்கூட்டர்களும் பைக்குகளும் ஒவ்வொன்றாக நுழைந்து போய்க்கொண்டிருந்தன. என் வண்டி ஓடியிருந்தால் நானும் போயிருப்பேன். மணி பத்தரை. எனக்குள் ஒரு கொதிப்பு ஏறியது. பஸ்ஸை விட்டு இறங்கி, மரத்தைத் தாண்டி நடந்தேன். கைகாட்டியும் யாரும் நிற்கவில்லை. அந்தக் காலோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

அக்கா துவாலையை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தார். கண் என்னைப் பார்த்தது, ஆனால் அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். "பத்தரையில இருந்து இப்படியாக்கும் சிஸ்டர். வலியில விளிக்காத ஆளில்ல" என்றார். மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்க இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல். அந்த அரை மணி நேரமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முட்டி வலித்தது எனக்குத் தெரியவே இல்லை.

அன்று சாயங்காலமே வண்டியைப் பனச்சமூட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த மெக்கானிக் அதிகம் பேசாத மனுஷன். என்னைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு இடது பக்கத்து மூடியைக் கழற்றினார். லேசில் வரவில்லை. தட்டித் தட்டிப் பிரித்து, மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த பேக்கிங் தாளைக் காட்டினார்.

"வண்டி வந்த காலத்துல வச்ச பேக்கிங்காக்கும் இது. ஒருத்தனும் இதத் தொறக்கல" என்றார்.

"செயின் மாத்தியாச்சுன்னு பில் இருக்கே."

அவர் பழைய செயினை வெளியே எடுத்து, ஒரு புதுச் செயினையும் எடுத்து, இரண்டையும் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தார். புதியது விறைப்பாக நின்றது. என் வண்டியில் இருந்தது வாடிய கீரைத் தண்டு மாதிரி வளைந்து தொங்கியது. அது உரசி உரசி, அதைத் தாங்குகிற கைடு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. வால்வுகள் இரண்டும் வளைந்திருந்தன. டென்ஷனர் மட்டும் புதுசு.

"மூடியத் தொறக்காம வெளிய இருந்தே டென்ஷனர மாத்தி, கெட்டி ஆயில ஊத்தி விட்டிருக்கான். கொஞ்ச நாளைக்குச் சத்தம் அடங்கும்" என்றார்.

மறுநாள் அந்தச் செயினைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரை ரோட்டுக்கு பஸ் ஏறினேன். ஒர்க்‌ஷாப்பில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். பில்லையும் செயினையும் மேஜையில் வைத்தேன்.

அவர் செயினைத் தொடவில்லை. "சேட்டன் ஃபோன்ல விளிச்சா எங்கிட்ட பேசச் சொல்லுங்க, நான் சொல்லிக்கிடுதேன்" என்றார், மஸ்கட்டில் இருக்கிற என் வீட்டுக்காரரைக் குறித்து.

"வண்டி ஓட்டுறது நான். விழுந்தது நான். எங்கிட்ட சொல்லுங்க."

"சத்தம் போச்சா இல்லியா? சத்தத்துக்குத்தானே வந்திய. எல்லாத்தையும் பிரிச்சு மாத்த ஒரு நாளாவும். பில்லுல அப்படித்தான் எழுதுவோம். காசத் திருப்பித் தாறேன், பிரச்சினை முடிஞ்சுதே."

அந்த 'முடிஞ்சுதே'தான் என்னைக் கிளப்பிவிட்டது. நான் என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். போலீஸ் ஸ்டேஷன் என்றேன், நுகர்வோர் கோர்ட் என்றேன். கடைசியில், "உங்களால நேத்து ஒரு பொம்பள மூணு மணி நேரம் துவாலையைக் கடிச்சிட்டுக் கிடந்தா. காசு வேண்டாம். என்கூட வந்து அவ மூஞ்சியைப் பாருங்க, அது போதும்" என்றேன். கூட்டத்தில் ஒருவர், "போயிட்டுத்தான் வாயேன், தீரட்டும்" என்றார். கூட்டம் கலைய வேண்டுமே என்றுதான் அவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

அந்த ஆளுக்குப் பின்னாலேயே நான் உட்கார்ந்து போனேன். மழைத் தூறல். என் மனசில் ஒரே நினைப்பு: இன்றைக்கு இவன் தலை குனிய வேண்டும்.

அக்காவின் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும், பூட்டியிருக்காது. தட்டிவிட்டு நேராக உள்ளே போவது என் வழக்கம். அன்றும் போனேன். பின்னாலேயே அந்த மனுஷனையும் வரச் சொன்னேன்.

அக்கா நைட்டியில் கிடந்தார். வியர்வைக்காகப் பொத்தான்களைத் திறந்து விட்டிருந்தார். கட்டில் கம்பியில் மூத்திரப் பை பாதி நிறைந்து தொங்கியது. முதல்நாள் நடந்ததற்கு இன்று முகம் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தார். கை துண்டைத் தேடியது. துண்டு கால்மாட்டில் கிடந்தது, எட்டவில்லை.

எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நான் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டேன். "அக்கா, இந்த ஆளுதான். செயினை மாத்தாமலே மாத்தினதா எழுதி வச்ச ஆளு. நேத்து நீங்க துடிச்சதை ரோட்டுல வச்சே சொல்லிட்டேன். இவராலதான் நேத்து உங்களுக்கு..." என்று. அவர் பக்கம் திரும்பி, "பாருங்க, நல்லா பாருங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வெளிய போயி நில்லுங்க" என்றார் அக்கா, அவரைப் பார்த்து, மெதுவாக. அவர் உடனே போய்விட்டார். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். ஆறு மாதத்தில் ஒருநாளும் என்னை அவர் 'நீ' என்று சொன்னதில்லை.

"நீ யாருட்ட கேட்டு அவனை உள்ள கூட்டிட்டு வந்த?"

நான், "உங்களுக்காகத்தானே அக்கா" என்றேன்.

"எனக்காகவா? எனக்க மோளு வெளிய ஆள் வந்தா முதல்ல இந்தப் பையில துணி போட்டு மூடுவா. நீ என்னத்தையாவது மூடினியா? நேத்து நான் கெடந்த கெடப்ப எனக்க தங்கச்சிகிட்டகூட சொல்லாதேன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேன். நீ அத ரோட்டுல வச்சு வித்திருக்க. உனக்கு அவன் மேல கோவம். அடிக்க ஒரு கம்பு வேணும். அதுக்கு நானாக்கும் கெடச்சேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டை எடுத்து அவர் மேல் போட்டேன். அவர் கையால் அதைச் சரிசெய்தார், என்னைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்தேன். ஸ்கூட்டரைக் காணோம். அந்த ஆள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டிருந்தார். பஸ் நிறுத்தம் வரை மழையில் நடந்தேன். அவர் மேல் இருந்த கோபம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. அதன் பக்கத்தில் என் மேலேயே ஒரு கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. எது எதைவிடப் பெரிது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த வீட்டுக்கு வேறு நர்ஸை அனுப்பச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு நாள் கழித்து நானே போனேன். வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டேன்.

உள்ளே டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "தனியாத்தானே?" என்றது குரல்.

"தனியாத்தான்."

"செரி, வாங்க."

மன்னிப்புக் கேட்டேன். "கோவப்பட்டதுக்கு ஒண்ணும் சொல்லல்ல. அந்தச் சவத்துப்பய செஞ்சது சின்ன வேலையா? நீங்க செத்திருப்பிய" என்றார் அக்கா. "என்னயச் சேர்க்காம கோவப்படுங்க."

அதே வாரம் ஒர்க்‌ஷாப்புக்கு மறுபடியும் போனேன். இந்தத் தடவை கத்தவில்லை. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுப் போட்ட என் முட்டியை மட்டும் காட்டினேன். அந்த ஏற்றம், டிப்பர், நான் கிடந்த இடம், இதை மட்டும் சொன்னேன். கூடவே, பனச்சமூட்டு மெக்கானிக் கையெழுத்துப் போட்டுத் தந்த தாளையும் வைத்தேன், எந்தெந்த பாகம் எந்த நிலையில் இருந்தது என்று அவர் எழுதியது. "செயினை மாத்தல, மாத்தினதா எழுதினது பொய்னு இந்தப் பில்லுலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா நாளைக்கு இந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகும்" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது, அங்கே நின்றவர்களின் வண்டிகளும் அவர் கையில்தானே. ஒருவர் மெதுவாகத் தன் பில்லை எடுத்துப் படிக்கத் தொடங்கியிருந்தார். முதலாளி பேனாவை எடுத்து எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

அந்தப் பில்லை அக்காவிடம் காட்டலாமா என்று கேட்டுவிட்டுத்தான் காட்டினேன். வாங்கி இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு சின்னதா எழுதியிருக்கானே, பெருசா எழுதச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் நாலு மாதம் இருந்தார். மாத்திரை ஒருநாளும் தாமதமாகவில்லை. எப்போதும் இரண்டு நாளுக்கு உள்ளது அந்த வீட்டில் கூடுதலாக இருக்கும்படி டாக்டரிடம் சண்டை போட்டு ஏற்பாடு செய்தேன். வண்டியில் செயின், கைடு, வால்வு எல்லாம் புதிதாகப் போட்டு, இப்போதும் நான்தான் ஓட்டுகிறேன். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்காமல் வருவதில்லை. அந்த ஒர்க்‌ஷாப் வழியாகப் போகும்போது இப்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அந்தக் கோபம் போக வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் என் கோபம் எவ்வளவு நியாயமானாலும், அதற்காக இன்னொருத்தரின் வேதனையை அவரிடம் கேட்காமல் கையில் எடுக்க எனக்கு உரிமை இல்லை என்பதை, ஒவ்வொரு நோயாளியின் வாசலிலும் செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.